அட்டையில் நின்ற விமானம்

நூறு பிரதி அச்சடித்து, ஊர் முழுக்கக் கொடுத்து முடித்த பிறகுதான் அந்த போன் வந்தது.

"மக்ளே, புஸ்தகம் கொள்ளாம். ஆனா அட்டையில நிக்கிய பிளேன் நம்மளுக்குள்ளது இல்ல, கேட்டியா. அது சேபரு. நம்மள அடிக்க வந்த சாதனம்."

பேசியவர் அப்பாவோடு விமானப்படையில் வேலை பார்த்தவர். களியக்காவிளைப் பக்கம் வீடு. சின்ன வயதிலிருந்தே எனக்கு அவர் மாமா. அப்பாவின் மூன்றாம் ஆண்டு நினைவுநாளுக்கு நான் எழுதிய 24 பக்கச் சிறுபுத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். அட்டையில் பாகிஸ்தான் போர் விமானத்தின் படம், அதன் கீழே கொட்டை எழுத்தில் அப்பாவின் பெயர். இணையத்தில் தேடி அந்தப் படத்தை எடுத்தவள் நான்தான். அச்சகத்துக்காரர் மேல் பழி போடக்கூட வழியில்லை.

"வேற ஏதாவது தப்பு இருக்கா மாமா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நீ ஒரு நாள் வீட்டுக்கு வா. போன்ல தீராது."

தீரவில்லைதான். மூன்று முறை போனேன். அந்தப் புத்தகத்தைத் திருத்தி எழுத ஒன்றரை வருடம் ஆனது. வீட்டில் ஒரு டிரங்க் பெட்டியும், அதற்குள் அப்பாவின் அல்லது தாத்தாவின் பட்டாளக் காகிதங்களும் வைத்திருப்பவர்கள் நம் குமரி மாவட்டத்தில் ஏராளம். அவர்களில் யாராவது என்றைக்காவது எழுத உட்காரலாம். அதனால்தான் நான் எங்கெல்லாம் வழுக்கினேன் என்று இங்கே சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருவட்டாறு பக்கம். ராணுவம், கப்பற்படை, விமானப்படை எதுவானாலும் இங்கே பட்டாளம்தான். எங்கள் வீட்டுக்கு இன்றைக்கும் பட்டாளத்தார் வீடு என்றுதான் பெயர். அப்பா 1963-இல் சேர்ந்தார். முந்தைய வருடம் சீனாவோடு சண்டை நடந்திருந்ததால் எல்லாப் படைகளிலும் ஆள் எடுத்துக்கொண்டிருந்த சமயம். ஜாலஹள்ளியில் பயிற்சி முடித்து எஞ்சின் ஃபிட்டர் ஆனார். 1978-இல் கார்ப்பரலாக ஓய்வுபெற்று ஊருக்கு வந்தார். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரயில் வந்ததோ 1979-இல். பதினைந்து வருடமும் லீவுக்கு வந்தபோதெல்லாம் திருவனந்தபுரத்தில் இறங்கி, தலையில் டிரங்க் பெட்டியோடு பஸ் மாறித்தான் வீடு சேர்ந்திருக்கிறார். ரயில் வந்த பிறகு அதில் ஏற அவருக்கு வேலையில்லாமல் போனது.

ஊரில் அறுபது சென்ட் ரப்பர் தோட்டம். காலையில் பால் எடுப்பார், ஷீட் அடிப்பார். மத்தியானத்துக்கு மேல் அக்கம்பக்கத்தாரின் பம்புசெட்டுகளைப் பழுது பார்ப்பார். பின்பக்கச் சாய்ப்பில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு ஸ்பேனரின் வடிவமும் கறுப்புப் பெயின்ட்டில் அதில் வரைந்திருக்கும், ஸ்பேனர் அதன் நிழல்மேல் தொங்கும். வேலை முடிந்ததும் ஒருமுறை பார்ப்பார். ஒரு நிழல் காலியாக இருந்தாலும் பம்புசெட்டை ஸ்டார்ட் செய்ய விடமாட்டார். "உள்ள விட்டுட்டு மூடினா என்ன ஆகும் தெரியுமா?" என்பார். பம்புசெட்டுக்கு ஒன்றும் ஆகாது, சத்தம்தான் வரும். அந்தக் கேள்வி பம்புசெட்டைப் பற்றியதே அல்ல என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது. ஜெட் எஞ்சினுக்குள் ஒரு நட்டு போனாலும் அது விமானத்தையும் விமானியையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். முற்றத்தில் ஆணி கிடந்தால் குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் பழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். அம்மா துணி துவைக்கும்போது பையிலிருந்து ஆணி குத்தி எத்தனை முறை திட்டியிருக்கிறார்!

அப்பா கதை சொல்லுகிறவர் இல்லை. ஆனால் "எங்க ஸ்குவாட்ரன்" என்று தன் விமானப் படைப்பிரிவைப் பற்றி ஆரம்பித்தால் ஒன்றிரண்டு வாக்கியம் வரும். 18-ஆம் ஸ்குவாட்ரன். நேட் விமானங்கள். ஹரியானாவின் அம்பாலா. 1971. ஸ்ரீநகர். அந்த ஒன்றிரண்டு வாக்கியங்களைக் கோத்து நாங்கள் பிள்ளைகள் ஒரு பெரிய மாலையே கட்டியிருந்தோம்.

2018 ஜனவரியில் அப்பா இறந்தார். ஒக்கி புயல் அடித்து ஒரு மாதம் கடந்திருந்தது. காணாமல்போன மீனவர்களைத் தேடி ஹெலிகாப்டர்கள் பறந்த நாட்களில் படுத்த படுக்கையாக இருந்தார். சத்தம் கேட்டால் கண்ணைத் திறப்பார், ஒன்றும் சொல்லமாட்டார்.

2020 மே 27. ஊரடங்குக் காலம். போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் சூலூர் விமானப்படைத் தளத்தில் 18-ஆம் ஸ்குவாட்ரனுக்குத் தேஜஸ் போர் விமானங்கள் வந்திருக்கின்றன, விமானப்படைத் தளபதி பதவ்ரியா வந்து அதைச் செயல்பாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று போட்டிருந்தது. நாகர்கோவிலில் ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது கோயம்புத்தூர். அப்பாவின் ஸ்குவாட்ரன் அவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறது, பார்க்க அவர் இல்லை. அன்றைக்கே எழுதுவது என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த அவசரம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

மாமாவின் திண்ணைக்கு வருவோம். பேனாவால் அடிக்கோடு போட்டுப் புத்தகத்தை வைத்திருந்தார். முதல் கோடு "விமானப்படை அதிகாரி" என்று நான் எழுதிய இடத்தில்.

"ஒனக்க அப்பாவும் நானும் ஏர்மேன் மக்ளே. ஆபீசர் இல்ல. ஊருக்காரன் சொல்லுவான், நீ எழுதப்பிடாது."

அங்கே இரண்டு ஏணிகள் உண்டு. ஏர்மேன் கீழேயிருந்து ஏர்கிராஃப்ட்மேன், லீடிங் ஏர்கிராஃப்ட்மேன், கார்ப்பரல், சார்ஜென்ட், அதற்குமேல் வாரன்ட் ஆபீசர்கள் என்று ஏறுவார். விமானிகளும் பொறியியல் அதிகாரிகளும் அந்தக் காலத்தில் பைலட் ஆபீசர், ஃபிளையிங் ஆபீசர் என்று வேறு ஏணியில் ஏறுவார்கள். மரியாதை கூட்டுவதாக நினைத்து ஒருவரை ஏணி மாற்றி வைத்தால், விஷயம் தெரிந்தவர் அதற்குமேல் ஒரு வரியையும் நம்பமாட்டார்.

இரண்டாவது கோடு அட்டைப்படத்துக்கு. சேபரையும் நேட்டையும் பிரிக்க மாமா சொல்லித்தந்த வழி சுலபமானது. மூக்கைப் பார். சேபருக்கு மூக்கின் நுனியிலேயே வட்டமாக வாய் திறந்திருக்கும், காற்று அதன் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகும். நேட்டுக்கு மூக்கு கூராக இருக்கும், காற்று போகும் வழி உடம்பின் இரண்டு பக்கத்திலும். சேபரின் இறக்கை உடம்பின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். நேட்டின் இறக்கை தோள் உயரத்தில். அப்புறம் உயரம். நேட் பக்கத்தில் ஆள் நின்றால் விமானி உட்காரும் இடம் கிட்டத்தட்ட முகத்துக்கு நேரே வரும். இறக்கை முனைக்கு முனை 22 அடிதான். எங்கள் வீட்டு முன்பக்கம் 24 அடி. முற்றத்தில் நிறுத்தினாலும் நடக்க இடம் மிச்சமிருக்கும். பிரிட்டனில் ஃபோலண்ட் நிறுவனம் வடிவமைத்து, நம் நாட்டில் பெங்களூர் விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல். தயாரித்த விமானம். உடம்பின் இரண்டு பக்கமும் 30 மில்லிமீட்டர் பீரங்கிகள். அவை சமயத்தில் அடைத்துக்கொண்டு சுடாது என்பது விமானிகளின் ஓயாத புகார். ஆனாலும் 1965 போரிலேயே தன்னைவிடப் பெரிய சேபரைச் சாய்த்து, சேபர் கொல்லி என்று பெயர் எடுத்தது.

அந்தப் பெயர்தான் எனக்கு மூன்றாவது கோட்டை வாங்கித் தந்தது. நேட் என்று எங்கே பார்த்தாலும் அது 18-ஆம் ஸ்குவாட்ரன் என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். 1965 செப்டம்பர் 3-ஆம் தேதி டிரெவர் கீலர் சேபரை வீழ்த்தியதாக அறிவிக்கப்பட்ட சண்டையை எங்கள் கணக்கில் எழுதியிருந்தேன். அவர் 23-ஆம் ஸ்குவாட்ரன். 1971 நவம்பர் 22-ஆம் தேதி, போர் அறிவிப்புக்கு முன்பே, வங்காள எல்லையில் பொய்ராவின் மேல் நடந்த சண்டையையும் சேர்த்திருந்தேன். அது கல்கத்தா டம்டம்மிலிருந்து பறந்த 22-ஆம் ஸ்குவாட்ரனின் சாதனை. "அவனுவ கேஸ் போட்டா நீ நஷ்டஈடு குடுப்பியா?" என்று மாமா சிரித்தார்.

ஒரு ஸ்குவாட்ரன் என்பது உண்மையில் என்ன என்று எனக்குத் தெரியாததுதான் இத்தனைக்கும் வேர். அது ஒரு விமான வகையும் அல்ல, ஓர் ஊரும் அல்ல, ஓர் எண். வழக்கமாகப் பதினாறு முதல் பதினெட்டுப் போர் விமானங்கள், அவற்றின் விமானிகள், ஃபிட்டர்கள், ஆயுதம் ஏற்றுகிறவர்கள், மின்சாரம் பார்க்கிறவர்கள் எல்லாரும் அந்த எண்ணின் கீழ் வருவார்கள். ஆள் மாறும், ஊர் மாறும், விமானமும் மாறும். எண் மட்டும் நிற்கும். 18-ஆம் எண் 1965 ஏப்ரல் 15 அன்று தொடங்கியது. அதன் வாசகம் தீவ்ர ஔர் நிர்பய, அதாவது வேகமும் அச்சமின்மையும். ஃபிளையிங் புல்லட்ஸ் என்பது செல்லப்பெயர். நேட் போய் வேறு விமானங்கள் வந்தன, கடைசியில் மிக்-27. 2015 நவம்பரில் குடியரசுத் தலைவர் கொடி என்ற கௌரவம் கிடைத்தது. அடுத்த வருடம் 2016 ஏப்ரல் 15-இல், பிறந்த அதே தேதியில், மூடிவிட்டார்கள். மூடுவது என்று சொல்வது சரியில்லை. நம்பர்பிளேட் செய்வது என்பார்கள். விமானங்கள் போய்விடும், ஆட்கள் வேறு இடங்களுக்குப் போவார்கள், எண்ணும் கொடியும் மட்டும் பத்திரமாக இருக்கும். வாரிசில்லாத வீட்டைப் பூட்டிச் சாவியை ஊர்ப்பெரியவரிடம் கொடுத்து வைப்பது மாதிரி. 2020-இல் அந்தப் பூட்டைத்தான் சூலூரில் திறந்திருக்கிறார்கள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. திறந்த தேதி ஓர் இடத்தில் ஏப்ரல் 1, இன்னோர் இடத்தில் மே 27 என்று இருக்கும். முதல் தடவை நான் ஒன்றைத் தப்பு என்று முடிவுகட்டி அடித்துவிட்டேன். இரண்டும் சரிதான். ஏப்ரல் 1-இல் ஸ்குவாட்ரன் மறுபடி உயிர்பெற்றது, மே 27-இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஒரு ஸ்குவாட்ரனுக்கு இப்படிப் பல தேதிகள் இருக்கும். எந்தத் தேதி எதற்கானது என்று பக்கத்திலேயே எழுதி வைக்காவிட்டால் பத்து நாள் கழித்து நமக்கே குழம்பும்.

இதைத் தேடும்போது கிடைத்த உபரித் தகவல் ஒன்று. தமிழ்நாட்டில் பிறந்த ஸ்குவாட்ரனும் உண்டு. 8-ஆம் ஸ்குவாட்ரன் 1942 டிசம்பர் 1-இல் திருச்சியில் வெஞ்சன்ஸ் குண்டுவீச்சு விமானங்களோடு தொடங்கியது. தஞ்சாவூரில் இப்போது சுகோய்-30 வைத்திருக்கும் 222-ஆம் ஸ்குவாட்ரன் அங்கே வந்தது 2020 ஜனவரியில். உங்கள் வீட்டுக் காகிதத்தில் உள்ள எண் எதுவோ, அதன் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கும்.

சரி, காகிதங்களுக்கு வருகிறேன். முதல் தடவை நான் டிரங்க் பெட்டியைத் திறக்கவே இல்லை. பூட்டின் சாவி தொலைந்திருந்தது, உடைக்க அம்மா சம்மதிக்கவில்லை. இணையம் இருக்கும்போது பெட்டி எதற்கு என்று விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை கொல்லனைக் கூட்டிவந்து திறந்தோம்.

முதலில் பார்க்க வேண்டியது டிஸ்சார்ஜ் புத்தகம். சேவை எண், டிரேடு (என்ன தொழில் பார்த்தார் என்பது), சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஓய்வூதிய ஆணையும் வேண்டும். ஏர்மேன்களின் பணிப்பதிவுகள் புதுதில்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள விமானப்படை ஆவண அலுவலகத்தில் இருக்கின்றன. அம்மா குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர் என்பதால் அவர் கையெழுத்திலேயே கடிதம் போட்டோம். நான் எழுதிய முதல் கடிதத்தில் சேவை எண்ணையே குறிக்கவில்லை. பெயரும் ஊரும் போதும் என்று நினைத்தேன். அந்தப் பெயரில் எத்தனை பேர்! எண் இல்லாவிட்டால் படையில் ஆள் இல்லை.

பெயரிலும் ஒரு சிக்கல் இருந்தது. அப்பா பிறந்தது திருவிதாங்கூரில். மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். பள்ளிக்கூடத்து ஆதாரம் மலையாளத்தில். தமிழில் ஓர் எழுத்தாக இருந்த இனிஷியல், படையில் விரிந்து தாத்தா பெயராகி, அதுவே குடும்பப்பெயர் போல முன்னால் வந்துவிட்டது. அங்கே எல்லாரும் அப்பாவைத் தாத்தாவின் பெயரால்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். மாமாகூட இப்போதும் அப்படித்தான் சொல்வார். குமரிக்காரர்கள் பழைய காகிதங்களைத் தேடும்போது தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் பெயர் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

பதக்கங்களைப் பற்றி ஒரு வருத்தமான விஷயம். வட்டப் பதக்கத்தின் விளிம்பில் சேவை எண், பதவி, பெயர் பொறித்திருப்பார்கள். அம்மா வருடா வருடம் குத்துவிளக்கோடு சேர்த்து அவற்றையும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். விளிம்பில் எழுத்து பாதி போய்விட்டது. பாசம்தான், என்ன சொல்ல. புளியும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம், மெல்லிய துணி போதும். ரிப்பன் கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள், எந்தப் பதக்கம் என்பதை அதன் நிறக்கோடுகளே சொல்லிவிடும். 1965-க்கு ரக்ஷா பதக்கம், 1971-க்கு சங்கிராம் பதக்கம் என்றால் அந்தப் போர்க்காலத்தில் அவர் சேவையில் இருந்தார் என்று பொருள். நட்சத்திர வடிவில் இருப்பவை போர் நடந்த பகுதிக்கானவை. பூர்வி ஸ்டார் கிழக்கு, பஷ்சிமி ஸ்டார் மேற்கு. அப்பாவுக்கு பஷ்சிமி ஸ்டார் இருந்தது. மேற்கு என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது அதற்கு மேல்தான்.

ஏனென்றால் மாமா போட்ட நான்காவது கோடு, புத்தகத்தின் நடுப்பக்கம் முழுக்கப் போனது.

1971 டிசம்பர் 14. ஸ்ரீநகர். இந்திய விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம் வீர் சக்ரா அந்த நாளில் பிறந்தது. 1948-இலிருந்து நடைமுறையில் இருந்த சர்வதேச உடன்பாட்டின்படி ஸ்ரீநகரில் போர் விமானங்களை நிறுத்தி வைக்க முடியாது. போர் வந்த பிறகுதான் 18-ஆம் ஸ்குவாட்ரனின் ஒரு சிறு பகுதி அம்பாலாவிலிருந்து அங்கே போனது. விமானிகளுக்கும் அந்த மலை புதிது, அந்த உயரம் புதிது, அந்தக் குளிரும் புதிது. அன்று காலை பெஷாவரிலிருந்து ஆறு சேபர்கள் வந்தன. ஃபிளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் சேக்கோன் தயார்நிலையில் இருந்தார். முன்னால் கிளம்பிய விமானம் கிளப்பிய தூசியில் ஓடுபாதை தெரியவில்லை. அது அடங்குவதற்குள் சேபர்கள் தலைக்குமேல் வந்து சுட ஆரம்பித்துவிட்டன. குண்டு விழும்போதே கிளம்பினார். மர உயரத்தில், ஆறு பேருக்கு எதிராகக் கிட்டத்தட்டத் தனியாகச் சண்டையிட்டார். விமானம் விழுந்தது. உடல் கிடைக்கவே இல்லை.

அந்த விமானத்தின் எஞ்சினைத் தயார்செய்து அனுப்பியவர் என் அப்பா என்று நான் எழுதியிருந்தேன். எழுதும்போது அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஒனக்க அப்பா அண்ணைக்கு அம்பாலால இருந்தாரு மக்ளே. நான்தான் ஸ்ரீநகர்ல கெடந்து வெறைச்சேன்."

அண்ணன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. துபாயிலிருந்து போனில் சண்டை. மாமாவுக்கு எண்பது வயதாகிறது, மறந்திருப்பார் என்றான். சரி, காகிதம் என்ன சொல்கிறது என்று பார்த்தோம். அந்த நாட்களில் அப்பா போட்ட இன்லண்ட் கடிதங்கள் இரண்டு இருந்தன. முகவரி 56 ஏ.பி.ஓ. என்றுதான் இருந்தது. இதைப் பார்த்து ஏமாந்துபோக வேண்டாம். அது ஊர் அல்ல. படைக்கான தபால் முகவரி. ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்று வெளியே தெரியாமல் இருப்பதற்காகவே அப்படி. கிழக்குப் பக்கம் இருந்தவர்களுக்கு 99 ஏ.பி.ஓ. அவ்வளவுதான் அதிலிருந்து தெரியும்.

விடை அம்மாவின் பிஸ்கட் டின்னில் இருந்தது. மணியார்டரோடு வரும் துண்டுச்சீட்டு, கல்யாணமான புதிதில் வந்தவை அத்தனையும் அடுக்கி வைத்திருந்தார். ஒன்றில் அம்பாலா கண்டோன்மென்ட் தபால் முத்திரை, தேதி 13 டிசம்பர் 1971. பின்பக்கம் அப்பா கையெழுத்தில் "சுகம். பயப்பட வேண்டாம். மாட்டுக்கு ஊசி போடவும்." அவ்வளவுதான். போர் நடந்துகொண்டிருக்கிறது, மாட்டுக்கு ஊசி!

"மறுநாள் காலையில பிளேன்ல போயிருக்கலாமே" என்றான் அண்ணன். அவனையும் குறை சொல்ல முடியாது. நானும் அதையேதான் ஒரு ராத்திரி முழுக்க நினைத்தேன். ஆவண அலுவலகத்திலிருந்து வந்த பணி விவரம் இன்னொன்றையும் சொன்னது. அப்பா 18-ஆம் ஸ்குவாட்ரனில் இருந்தது 1969-இலிருந்து 1974 வரை, ஐந்தே வருடம். தொடங்கிய நாளிலிருந்தே இருந்தார் என்று நான் எழுதியதும் பொய்யாகிவிட்டது.

அப்பா எங்களிடம் பொய் சொன்னாரா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா மரச்சீனிக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"அவிய எப்பளும் நாங்கன்னுதான சொல்லுவாவ. நீங்க ரெண்டுபேரும்தான் நான்னு கேட்டிய."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். நாங்க ஸ்ரீநகர் போனோம். நாங்க விமானத்தை விட்டோம். எங்க பையன் ஒருத்தன் திரும்பி வரல. ஒரு முறைகூட நான் என்று அவர் வாயில் வந்ததில்லை. பம்புசெட் பழுது பார்த்ததைச் சொன்னால் நான், ரப்பர் வெட்டினதைச் சொன்னால் நான். ஸ்குவாட்ரன் என்றால் நாங்க. பெரியவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்யும்போது போனில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள் என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன். நினைவிலிருந்து எழுதினால் நாங்க நான் ஆகிவிடும். ஓரிரண்டு எழுத்துதான் வித்தியாசம் என்று விட முடியாது.

அம்பாலாவில் அப்பா என்ன செய்தார் என்பதையும் மாமாதான் சொன்னார். ஸ்ரீநகருக்குப் போன விமானங்கள் பறக்க வேண்டிய மணிக்கணக்கு முடிந்து திரும்பும்போது அவற்றின் எஞ்சினைப் பிரித்துப் பார்த்து மறுபடி அனுப்புகிற வேலை. ராத்திரி வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது, போர்வையைக் கட்டிக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில். ஒவ்வொரு விமானத்துக்கும் ஃபார்ம் 700 என்று ஒரு பதிவேடு. எஞ்சின் பார்த்தவர், உடம்பு பார்த்தவர், ஆயுதம் ஏற்றியவர் எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானி தன் கையெழுத்தைப் போட்டு ஏறுவார். "கையெழுத்து போட்டவன் அது திரும்பி வந்து நிக்கியது வரைக்கும் வாயத் தொறக்கமாட்டான்" என்றார் மாமா. டிசம்பர் 14 பற்றிக் கேட்டேன். தூசியைப் பற்றிச் சொன்னார், குளிரைப் பற்றிச் சொன்னார். அதற்குமேல் அவரும் நாங்க என்றுதான் பேசினார், நானும் கிளறவில்லை.

எழுதுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. அந்தச் சண்டையில் எத்தனை சேபர்கள் அடிபட்டன என்று நம் பக்கத்தில் சொல்வதும் பாகிஸ்தான் பக்கத்தில் சொல்வதும் ஒட்டாது. எல்லா வான்சண்டைக்கும் இப்படித்தான். அடித்தவர் பார்ப்பது புகையை, விழுந்ததா என்று நின்று பார்க்க நேரமிருக்காது. முதல் பதிப்பில் "இரண்டை வீழ்த்தினார்" என்று அடித்து எழுதியிருந்தேன். இரண்டாவதில், இரண்டைச் சேதப்படுத்தியதாக நம் தரப்பு சொல்கிறது, இழப்பில்லை என்று அவர்கள் தரப்பு சொல்கிறது என்று இரண்டையும் வைத்தேன். சேக்கோனின் பெருமை அதனால் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. குண்டு விழும் ஓடுபாதையில் கிளம்பியதுதான் அந்த மனிதரின் கணக்கு.

ஸ்குவாட்ரனிலேயே அன்றாடம் எழுதும் பதிவேடுகள் இருக்கும். அவை நம் கைக்கு வருபவை அல்ல. 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கை அறிவித்தது, பதிவேடுகளைச் சாதாரணமாக 25 ஆண்டில் வெளிப்படையாக்கலாம் என்று. அதை நம்பிக் காத்திருக்காமல் இருக்கிற பெரியவர்களிடம் இப்போதே போய் உட்காருவதுதான் புத்தி. நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஓய்வூதிய வேலையாக வருகிறவர்களிடம் பேச்சுக்கொடுத்தே நான் இரண்டு பேரைக் கண்டுபிடித்தேன். சூலூருக்கும் ஆசையில் ஒருமுறை போனேன். தளத்துக்குள் விடமாட்டார்கள், வாசலில் போனைத் தூக்கிப் படம் எடுக்கவும் கூடாது. எடுக்கப் போய்த் திட்டு வாங்கினேன். சாலை ஓரத்து டீக்கடையில் அரைமணி நேரம் நின்றபோது ஒன்று கிளம்பிப் போன சத்தம் மட்டும் கேட்டது. தேஜஸா என்று கேட்டால் சத்தியம் செய்யமாட்டேன்.

திருத்திய புத்தகம் முப்பது பிரதிதான் போட்டேன். அட்டையில் விமானம் இல்லை, அப்பாவின் ஸ்பேனர் பலகை. பழைய நூறில் அறுபத்திரண்டைத் திரும்ப வாங்கிவிட்டேன். மீதி யார் வீட்டு அலமாரியிலோ சேபரோடு இருக்கின்றன.

போன மாதம் மாமா ஒரு போட்டோ கொடுத்தார். அம்பாலா, நேட் ஒன்றின் முன்னால் இரண்டு வரிசையாகப் பதினான்கு பேர், எல்லாரும் ஓவரால் போட்டிருக்கிறார்கள். அப்பா இரண்டாவது வரிசையில் ஓரத்தில், பாதி முகம்தான் தெரிகிறது. படத்தின் மேல் பேனாவால் எழுதாமல், டிரேசிங் பேப்பரை மேலே வைத்து ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டேன். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொருவராகச் சொன்னார். பஞ்சாப்காரர், வங்காளி, பாலக்காட்டுக்காரர், இரணியலிலிருந்து ஒருவர். ஒன்பது பேருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. இன்னும் ஐந்து பேர்.